மூத்தவன்

ஞாயிறு பிற்பகல் மூன்று இருபதுக்கு
உருகுவே நாட்டின் மிக மூத்த மனிதர் இறந்தார்.
மூன்று நாற்பதுக்கு என் கைப்பேசி அடித்தது.
பாத்திரம் துலக்கிய ஈரக் கையோடு எடுத்தேன்.

பதிவு அலுவலகத்தில் என் வேலை இது:
நூறைத் தாண்டியவர்கள் பட்டியலை
மாடியில் காயும் வடகம் போல
காக்கை கொத்தியது போக மிச்சம் எத்தனை என்று
தினமும் எண்ணுவது.

எலெயுத்தேரியோ பெந்தாங்கோர்.
ஊர் ட்ரெயின்தா இ ட்ரெஸ்.
அந்தப் பெயருக்கு முப்பத்து மூன்று என்று பொருள்.
வெறும் எண்ணிக்கையைப் பெயராகக் கொண்ட ஊரில்
ஒருவர் நூற்றுப் பதினொன்று வரை போய்விட்டார்.

மேயர் வந்தார். கொடி போர்த்தினார்கள்.
ஜூலைக் குளிரில் பள்ளிப் பிள்ளைகள்
உதடு ஒட்டிக்கொள்ளும் பித்தளைக் குழல்களை
ஊதி ஊதிப் பார்த்தார்கள்.
ஒலிமார் ஆற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது.

இறந்தபின் ஆவணம் சரிபார்க்க வேண்டும் என்பது விதி.
ஐந்து மணி நேரப் பேருந்தில் போனேன்.
தேவாலயத்தின் பின்னறையில்
நெலிதா என்கிற பெண்
மாத்தே குடுவையை ஒரு கையிலும்
ஞானஸ்நானப் பேரேட்டை மறு கையிலும் தந்தாள்.

அங்கே இரண்டு எலெயுத்தேரியோக்கள்.
ஒரே அப்பா, ஒரே அம்மா.
முதல் பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சிலுவை,
அதன் கீழே பொடி எழுத்தில்: பதினோரு நாள்.
இரண்டு வருடம் ஐந்து மாதம் கழித்து
அதே பெயர், வேறு மை.

அரசுப் பதிவேட்டில் ஒருவன்தான்.
மறுபடி குதிரையேறி, வெள்ளம் கடந்து,
கட்டணம் கட்டி இன்னொரு சான்றிதழ் வாங்க
அப்பனுக்கு மனமில்லையோ, காசில்லையோ.
வீட்டில் ஒரு காகிதம் சும்மாதானே கிடந்தது,
அண்ணன் சட்டை தம்பிக்கு ஆவது போல.

ஆக,
ஓட்டுப் போட்டது அந்தப் பதினோரு நாள் குழந்தை.
கம்பளி கத்தரித்ததும், கல்யாணம் செய்ததும்,
ஏழு பிள்ளை பெற்றதும், ஓய்வூதியம் வாங்கியதும் அது.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாது என்பார்கள்.
இந்தச் சுரைக்காயைத்தான்
ஒரு நாடே வரிசையில் நின்று தோளில் சுமந்தது.

மகள் இர்மாவுக்கு எண்பத்தொன்று.
கேட்டேன்.
"மார்ச் மாசம் கேக் வெட்டும்போதெல்லாம்
இது என் நாள் இல்லேன்னு சொல்வார்.
மூளை கலங்கிப்போச்சுன்னு நினைச்சோம்."
நிருபர்களும் வருடந்தோறும்
நீண்ட ஆயுளின் ரகசியம் கேட்டிருக்கிறார்கள்.
"எனக்கு முன்னாலயே ஒருத்தன்
ஆரம்பிச்சு வச்சிட்டுப் போனான்."
கடவுளைச் சொல்கிறார் என்று
பெட்டி கட்டிப் போட்டது பத்திரிகை.

கல்லறையில் கொத்தன் தலையைச் சொறிந்தான்.
அம்மாவின் காலடியில் துருப்பிடித்த
முழ நீள இரும்புச் சிலுவை, அதிலும் இதே பெயர்.
"எடுத்துரட்டுமா? ஒரே பேர் ரெண்டு தரம் எதுக்கு?"
இர்மா என்னைப் பார்த்தாள்.
நான் அதிகாரி. கையில் முத்திரை இருந்தது.
இருக்கட்டும் என்றேன்.

திங்கட்கிழமை அடுத்தவரை அழைத்தேன்.
ரிவேராவில் முதியோர் இல்லம்,
தல்மீரோ ஒலிவேரா, நூற்றொன்பது.
உண்மைக் கணக்கில்
நாலு வருடமாகவே அவர்தான் மூத்தவர்.
அதை நான் சொல்லவில்லை.
"ஐயா, இன்றிலிருந்து நாட்டில் நீங்கள்தான்..."
"அவன் எப்படிப் போனான்?"
"தூக்கத்தில். வானொலியில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்ததாம்."
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"யார் ஜெயிச்சது?"

எனக்குத் தெரியவில்லை.
விசாரித்துச் சொல்வதாக வைத்தேன்.

மேசையில் படிவம் விரிந்து கிடக்கிறது.
வயது என்ற கட்டத்தில்
பென்சிலால் எழுதுகிறேன், அழிக்கிறேன்,
காகிதம் அந்த இடத்தில் மெலிந்துவிட்டது.

பிறகு மறுபடி ரிவேராவுக்கு அழைத்து
ஒன்றுக்கு ஒன்று என்றேன்.
காதில் விழவில்லை அவருக்கு.
எழுந்து நின்று,
அலுவலகமே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்:
ஒன்றுக்கு ஒன்று, ஐயா,
ஒன்றுக்கு ஒன்று.